வலது பானையில் தேங்கிய பாட்டு

சிக்னல் நகர் மூன்றாவது தெருவில், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள் வரிசையாக வீடு கட்டிக் குடியிருக்கிற அந்தத் தெருவில், எங்கள் வீட்டு ஹாலில் இருந்த இரண்டு மண்பானைகளில் வலது பக்கத்துப் பானை, ஈஸ்டர் கழிந்து இரண்டாம் ஞாயிறு மதியம் மூன்றே கால் மணிக்கு, விளிம்பு வரைக்கும் பாட்டால் நிரம்பி நின்றது. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராத நாள். பானைக்குள் ஏதோ தளும்புவதைப் பார்த்ததும் தண்ணீர் என்று நினைத்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பாட்டு என்று தெரிந்த பிறகும் சொன்ன நன்றியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பானைகள் ஹாலுக்கு வந்தது இவரால். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சவரிராயன். மகள் செலின் ஓசூருக்கும் மகன் தோகாவுக்கும் போன பிறகு, அவர்கள் படுத்த இடம், படித்த இடம் எல்லாவற்றிலும் இவர் ஸ்பீக்கர் பெட்டி வைத்தார். ஞாயிறு தோறும் மதியம் மூன்று மணிக்கு ஜமால் பாய் வருவார், வைத்தீஸ்வரன் சார் வருவார். ஜமால் பாய்க்கு மார்க்கெட்டில் ரேடியோ ரிப்பேர் கடை, ஆம்ப்ளிஃபயரைத் தன் கையாலேயே பூட்டுகிறவர். வைத்தீஸ்வரன் சார் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர், சாரைப்பாம்பு மொத்தத்தில் வயர் வாங்கி அதில் பாட்டு வெண்ணெய் மாதிரி வருகிறது என்று சொல்கிறவர். மூன்று பேரும் ஒரே பாட்டை ஒன்பது தடவை கேட்பார்கள், ஒன்பது தடவையும் வேறு வேறு விதமாக இருந்தது என்று சண்டை போடுவார்கள். எதிர்வீட்டுப் பவுனம்மா அவர்களுக்குப் பெட்டிக்காரர்கள் என்று பெயர் வைத்திருந்தாள்.

அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. ஹாலில் ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. இடது ஸ்பீக்கரிலிருந்து நாற்காலிக்கு ஒரு நூல், வலது ஸ்பீக்கரிலிருந்து நாற்காலிக்கு ஒரு நூல், இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். அதில் கண்ணை மூடி உட்கார்ந்தால் பாடுகிறவள் சுவரின் நடுவில், சரியாக எங்கள் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வந்து நிற்பாளாம். யாரோ ஒரு பெண் வாராவாரம் வந்து படத்துக்கடியில் நிற்கிறாளே என்று நான் அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை துடைத்து வைப்பேன். பாய் கேட்டு, சார் கேட்டு, கடைசியாக இவர் உட்காருவார். இவர் சொல்வதுதான் தீர்ப்பு. தீர்ப்பும் இரண்டே இரண்டு. ஒன்று, "மாத்திப் பாருங்க." இன்னொன்று, கண்ணைத் திறக்காமல் உள்ளங்கையை மட்டும் உயர்த்தி, "கை வைக்காதீங்க." குறையே இல்லை என்கிற இந்த இரண்டாவது தீர்ப்பு இருபது வருஷத்தில் இரண்டே தடவைதான் வந்திருந்தது.

இவர் காதுக்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், இவர் பார்த்த வேலை அப்படி. ரயில் வந்து நின்றதும் நீளக் காம்பு போட்ட சுத்தியலோடு இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் கோயில் மணி மாதிரி பேசும், விரிசல் விட்ட சக்கரம் தொண்டை கட்டிய ஆள் மாதிரி பேசும். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி இரைந்துகொண்டு நின்றால், சுத்தியலின் இரும்பைச் சக்கரத்தில் வைத்து மரக்காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இன்னொருவரைத் தட்டச் சொல்வார். பல் வழியாக மண்டைக்குள் சத்தம் வந்துவிடும் என்பார். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு விரிசலைக்கூடத் தவற விட்டதில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலையோடு அந்தச் சுத்தியலையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தக் காதுதான் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் தெரியும். முதலில் குக்கர் விசில் போயிற்று, அடுத்து வாசல் மணி போயிற்று, அப்புறம் செலின் போன் செய்தால், "நீ பேசு பிலோமி, எனக்கு வேலை கெடக்கு" என்று கையில் வேலை எதுவும் இல்லாமல் போனை என்னிடம் தள்ளுகிற நாளும் வந்தது. டாக்டரிடம் கூப்பிட்டேன், வரவில்லை. "சபையில தெரிய வேண்டாம்" என்றார், பெட்டிக்காரர்கள் சபையைத்தான். நாற்காலிதான் அவர் பயம். இத்தனை வருஷம் அதில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்ன ஆள், அதிலிருந்து எழுந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு யாராக இருப்பார்? நான் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி வைத்தேன். தொலைந்த சாவி, தொலைந்த கம்மல், தொலைந்த ரேஷன் கார்டு எல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்தவர், இதையும் எங்கேயாவது தேடிப் பார்க்கட்டும் என்று.

அந்தச் சமயத்தில்தான் பானை ஸ்பீக்கர் செய்கிறேன் என்று இறங்கினார். இரண்டு பெரிய பானை, ஒவ்வொன்றின் வாயிலும் மேலே பார்த்த மாதிரி ஒரு ஸ்பீக்கர், ஓரத்தில் பஞ்சும் மெழுகும் வைத்து அடைப்பு. சிவப்பு வயர் சிவப்பில், கறுப்பு வயர் கறுப்பில் பூட்ட வேண்டும். ஒரு பானையில் மட்டும் மாறிப் போனால், ஒரு பானை காற்றை வெளியே தள்ளுகிற நேரம் மற்றது உள்ளே இழுக்கும், இரண்டும் ஒன்றை ஒன்று தின்று, பாட்டில் மேளத்தின் அடிச்சத்தமே இல்லாமல் போகும். பெட்டிக்காரர்களில் இதைத் தெரியாதவர் கிடையாது. தவறி மாற்றி மாட்டிவிட்டாலும், காதில் விழுந்த மறுநிமிஷம் மாற்றிவிடுவார்கள். காதில் விழுந்தால்.

அந்த ஞாயிறு பாட்டு ஓடியது. ஜமால் பாய் நாற்காலியில் உட்கார்ந்த உடனே முகத்தைச் சுளித்தார்.

"என்னண்ணே, மேளக்காரன் சம்பளம் வரலன்னு எந்திரிச்சுப் போயிட்டானா? அடியே காணோம்."

வைத்தீஸ்வரன் சார் உட்கார்ந்தார். "பாடறவங்க எங்க நிக்கிறாங்கன்னே புரியலையே. சுவர்லயும் இல்லை, வாசல்லயும் இல்லை. சமையல்கட்டுக்குப் போயிட்டாங்களோ?"

இவர் உட்கார்ந்தார். இரண்டு பேர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார், கண்ணை மூடினார், நான் கதவோரம் நின்று ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தேன். இவர் உள்ளங்கையை உயர்த்தினார்.

"கை வைக்காதீங்க."

மூன்றாவது தடவை. பாய் சாரைப் பார்த்தார், சார் பாயைப் பார்த்தார், இரண்டு பேரும் தங்கள் காதில்தான் கோளாறு என்று முடிவு செய்து தலையை ஆட்டினார்கள். பாட்டு முடிந்த பிறகும் வலது பானை லேசாக முனகுவது போல இருக்கவே, பாய் மெழுகை நெம்பி ஸ்பீக்கரைத் தூக்கினார். பானை நிறைய பாட்டு நின்றது. இளநீர் நிறம், இளநீர் குளிர்ச்சி, எடை மட்டும் கிடையாது. சொம்பில் மொண்டு ஊற்றினால் விழுகிற நேரம் வரைக்கும் பாட்டு கேட்டது, விழுந்த இடத்தில் ஈரம் இல்லை.

"மண்ணு பாடுது பாரு," என்றார் ஜமால் பாய், மழை வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில்.

"பித்தளைச் சொம்புல ஊத்திப் பாருங்கோ, மேல் ஸ்தாயி இன்னும் பளிச்சுன்னு இருக்கும்," என்றார் சார். அன்று சாயங்காலம் வரை பித்தளையா மண்ணா என்று இரண்டு பேருக்கும் சண்டை நடந்தது.

திங்கட்கிழமை பவுனம்மா ஒரு சொம்போடு வந்தாள். "யக்கா, ஒரு தாலாட்டு இருந்தா ஊத்துங்க. பேரன் பகலெல்லாம் வீல் வீல்னு கத்துறான்." கொடுத்தேன். குழந்தையைக் காலில் போட்டு ஊற்றினாளாம், பாதிச் சொம்பிலேயே அவன் தூங்கிவிட, மீதியைக் குழந்தையின் அப்பன் தலையில் ஊற்றி அவனையும் தூங்க வைத்தாளாம். செவ்வாய்க்கிழமைக்குள் மூன்றாவது தெரு முழுக்கத் தூக்குவாளியோடு எங்கள் வாசலில் நின்றது, புதன்கிழமைக்குள் இரண்டாவது தெருவும் வந்தது, பானை குறையக் குறைய இவர் பாட்டைப் போட்டுவிட, வலது பானை மறுபடி நிரம்பியது. எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பெண்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் குடத்தில் வைத்தால் மூக்கால் பாடும், எவர்சில்வரில் வைத்தால் கிறீச்சிடும், மண் சட்டியில் ஈரத்துணி சுற்றி வைத்தால் மூன்று நாள் தாங்கும், நான்காம் நாள் சுருதி புளித்துப்போகும். புளித்ததை வீணாக்காமல் மாவில் கலந்தார்கள், இட்லி நல்ல தாளத்தில் பொங்கி வந்தது. கோலப்பொடியில் தெளித்தவள் வீட்டு வாசலில் கோலம் அன்று முழுக்க ஹம் செய்துகொண்டிருந்தது. சோகப்பாட்டைத் தெரியாமல் ரசத்தில் ஊற்றிவிட்ட ஒரு வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டே இரண்டாம் தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டார்கள். தேர் பவனிக்கு ஜெனரேட்டர் கெட்டுப்போன அன்று பங்குச் சாமியார் ஆள் அனுப்பினார், நாங்கள் நான்கு குடம் நாதஸ்வரம் கொடுத்தோம், பிள்ளைகள் தேருக்கு முன்னால் தெளித்துக்கொண்டே போனார்கள். வீட்டுவரி ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து இது தண்ணீர் இணைப்பில் வருமா மின் இணைப்பில் வருமா என்று கேட்டுவிட்டு, ஒரு தூக்கு வாங்கிக்கொண்டு, எதிலும் எழுதாமல் போனார்.

தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. இவரும் சிரித்தார். ஆனால் யாராவது சொம்பைச் சாய்க்கும்போது இவர் சொம்பைப் பார்க்க மாட்டார், பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தைப் பார்ப்பார், அவர்கள் தலை ஆடினால் தானும் ஆட்டுவார், அவர்கள் கண் கலங்கினால் தானும் துண்டை எடுப்பார். இவருக்கு அது வாசனை இல்லாத, ஈரம் இல்லாத, சும்மா விழுகிற ஒன்று. எல்லோருக்கும் வாரி வாரி ஊற்றிய வீட்டில் இவர் ஒருத்தர் மட்டும் காய்ந்து கிடந்தார். சமையல்கட்டில் நின்று நான் அதற்குத்தான் அழுதேன்.

ஆறாவது ஞாயிறு, வைத்தீஸ்வரன் சார் ஒரு பெட்டியோடு வந்தார். "சவரி, உங்க பானைக்குன்னே சொல்லி வரவழைச்சேன். நல்ல வயர். பழைய வயரைக் கழட்டிட்டு இதை நான் பூட்டறேன், நீங்க உக்காருங்கோ." இவர் கையை உயர்த்துவதற்குள் சார் குனிந்து வலது பானைக்குப் பின்னால் டார்ச் அடித்துவிட்டார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"என்ன சார், தேளா?" என்று பாயும் குனிந்தார். பாயும் எழுந்திருக்கவில்லை.

சிவப்பு கறுப்பில் இருந்தது. கறுப்பு சிவப்பில் இருந்தது. ஆறு வாரமாக ஒரு பானை தள்ள, ஒரு பானை இழுக்க, சபையில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடக் காதில் விழுகிற தப்பு, சக்கரத்தில் மயிரிழை விரிசலைப் பிடித்த ஆளின் வீட்டில். யார் பூட்டியது என்று கேட்கத் தேவையில்லை. யார் கேட்டு, கை வைக்காதீங்க என்று சொன்னது என்றும் கேட்கத் தேவையில்லை.

"என் வயசான கண்ணுக்கு எதுவும் சரியாத் தெரியலை," என்று சார் டார்ச்சை அணைத்தார். அவர் கண் ஆபரேஷன் முடிந்து பருந்து மாதிரி பார்க்கிற கண்.

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ரெண்டு வருஷமாக் கேக்கல பாய். நீங்க வாயசைக்கிறதைப் பாத்துத்தான் பேசிக்கிட்டு இருக்கேன். இனிமே நீங்க உக்காருங்க." அவ்வளவுதான். ஸ்டூல் போட்டு ஏறி, ஆணியில் மாட்டியிருந்த சுத்தியலை எடுத்துப் பரணில் உள்ளே தள்ளி வைத்தார்.

அடுத்த நாளிலிருந்து தெரு இவருக்கு ஆறுதல் சொன்னது. ஒவ்வொருவராக வந்து காதில் கத்தினார்கள். "வயசானா எல்லாருக்கும்தாங்க!" என்று கத்தினார்கள். "மெஷின் வெச்சாச் சரியாயிரும்!" என்று கத்தினார்கள். அன்பாகத்தான் கத்தினார்கள், ஆனால் அன்பைக் கத்திச் சொன்னால் அது திட்டுகிற மாதிரி இருக்கிறது. இவர் உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை எழுந்து வந்து வலது பானையின் வயரைச் சரியாக மாற்றிப் பூட்டினார்.

"ஏங்க, அதை ஏங்க மாத்துறீங்க? ஊரே சந்தோஷமா இருக்கே."

"தப்புன்னு தெரிஞ்ச சக்கரத்தை ஓட விடக்கூடாது பிலோமி."

அன்றோடு பானை நிரம்புவது நின்றது. அடியில் ஒரு குடம் அளவுக்குக் கிடந்ததோடு சரி.

சாயங்காலம் பவுனம்மா வந்தாள், கையில் ஈரத்துணி சுற்றிய சட்டி. "யக்கா, இதுல ரெண்டு சொம்பு தாலாட்டு மிச்சம் இருக்கு. அண்ணனுக்கு வெச்சிருங்க." நான் வேண்டாம் என்றேன், அவள் என்னைத் தாண்டிப் போய், ஸ்பீக்கரைத் தூக்கி வைத்துவிட்டுப் பானையில் ஊற்றினாள். அவளுக்குப் பின்னால் அடுத்த வீட்டுக்காரி, அவளுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. தூக்குவாளி, அடுக்கு, பால் குண்டான், ஊறுகாய் ஜாடி. பேரன் பிறந்தநாளுக்கு எடுத்து வைத்த பாட்டு, காய்ச்சல்காரிக்கு ஊற்றி மீந்த பாட்டு, பீரோவில் வைத்துத் தினம் ஒரு சொட்டு கேட்ட பாட்டு. ஜமால் பாய் நாகூர்ப் பாட்டு ஒரு கூஜா கொண்டுவந்தார். சாமியார் தேருக்கு மிஞ்சிய நாதஸ்வரத்தை அனுப்பினார். காது கேட்காதவருக்குப் பாட்டு எதற்கு என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை, உடம்பு சரியில்லாத வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகிற மாதிரி கொண்டுவந்தார்கள்.

சனிக்கிழமை காலை இவருக்கு எண்ணெய்க் குளியல். பின்கட்டில் மணை போட்டு உட்கார வைத்து, நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் வைத்தேன். அலசுவதற்கு வெந்நீர் எடுக்கப் போன எனக்குப் பானைதான் கண்ணில் பட்டது. அந்தோணியாரே என்று அதைத் தூக்கிக்கொண்டு போனேன், நிறைந்திருந்தாலும் வெறும் பானையின் எடைதானே. முதல் சொம்பைத் தோளில் ஊற்றினேன்.

"என்னம்மா இது, வெந்நி எங்க? காத்தை ஊத்துறியா?" கண்ணை மூடியபடி இவர் சலித்துக்கொண்டார்.

இரண்டாவது சொம்பை உச்சந்தலையில் ஊற்றினேன். மண்டை ஓட்டில் பட்டு, நெற்றி எலும்பில் இறங்கி, காதுக்குப் பின்னால் ஓடிய இடத்தில், இவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"பிலோமி. எவனோ டோலக் அடிக்கிறான்."

மூன்றாவது சொம்பு. "இது பாயோட பாட்டு, பாரு, எலும்புக்குள்ள வருது." நான்காவது. "நாயனம்! நாயனம்டி!" என் மேல் சீயக்காய் தெறிக்க இவர் மணையிலேயே ஆடினார். ஊற்ற ஊற்றத் தெருவில் இருந்த அத்தனை வீட்டுப் பாட்டும் இவர் தலை வழியாக இறங்கியது. பவுனம்மாவின் தாலாட்டில் கொஞ்சம் கண் சொக்கினார், நான்கு நாள் புளித்த ஒரு டூயட்டுக்கு, "ரெண்டு பேருக்கும் ஜலதோஷம்" என்று சிரித்தார். மதில் மேல் பவுனம்மா தலை தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னும் ஏழெட்டுத் தலை. குளிக்கிற மனுஷனைப் பார்க்கக் கூடாது என்ற எண்ணமே அன்றைக்கு ஒருத்தருக்கும் வரவில்லை.

பானையின் அடியில் கடைசியாக ஒரு சொம்பு இருந்தது, வடித்த கஞ்சி மாதிரி கொஞ்சம் கெட்டியாக. யார் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஊற்றினேன். இவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அசையாமல் கேட்டார்.

"யாரு இது? பொம்பளைக் குரல். வாத்தியம் ஒண்ணும் இல்ல." கொஞ்சம் கழித்து, "சுருதி கீழதான் நிக்குது. ஆனா எங்கயும் விரிசல் இல்ல."

அப்போதுதான் எனக்கும் கேட்டது. தினம் சாயங்காலம் ஆறரைக்கு, திரு இருதயப் படத்துக்கு முன்னால், அந்தப் பானைக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு நான் முணுமுணுக்கிற மாதா பாட்டு. ஆறு வாரமாக அதையும் பானை உள்ளே இழுத்து வைத்திருக்கிறது.

வாயைக் காட்டிச் சொன்னேன். "நாந்தாங்க."

"நீ பாடுவியா?"

"நாப்பது வருஷமா தினமும் பாடுறேன்."

"எப்ப?"

"சாயங்காலம். அப்ப உங்களுக்கு டூட்டி. ரிடையர் ஆனப்புறம் ஹெட்போன்."

இவர் சீயக்காய் வழிகிற கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திடீரென்று, "எலும்பு! பல்லு! நான் ஒரு மடையன்!" என்று ஈரத் துண்டோடு எழுந்து ஹாலுக்கு ஓடி, ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினார்.

மறுநாள் மூன்று மணிக்குப் பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது, பாயும் சாரும் அதில் உட்கார மறுத்து நின்றுகொண்டிருந்தார்கள். இவர் சுத்தியலோடு வந்து உட்கார்ந்தார். இரும்பைப் பானை விளிம்பில் வைத்து, நீளக் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாட்டைப் போடு என்று விரலைக் காட்டினார். சாரின் புது வயரில் பாட்டு ஓடியது. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுக் காம்பை வாயிலிருந்து எடுத்தார்.

"மாத்திப் பாருங்க."

ஜமால் பாய் கைகொட்டிக் கூத்தாடினார். தோற்றுப்போனது தன்னுடைய வயர் என்பதையே மறந்து, வைத்தீஸ்வரன் சார் இவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் ஒரு நாள் பாய் ஆசைப்பட்டு, வேண்டுமென்றே சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பூட்டிப் பார்த்தார், பானையில் ஒரு சொட்டும் ஊறவில்லை. நான் அதில் இப்போது அரிசி போட்டு வைத்திருக்கிறேன். பானை ஸ்பீக்கருக்கு இவர் வேறு பானை வாங்கிவிட்டார்.

சாயங்காலம் ஆறரைக்கு நான் முட்டிபோட்டால், இவரும் பக்கத்தில் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். சுத்தியலின் இரும்பை என் தோள் எலும்பில் மெதுவாக வைத்து, காம்பைக் கடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாள் இரும்பு சில்லென்று இருந்தது, இரண்டாம் நாளிலிருந்து அதைத் துண்டால் தேய்த்துச் சூடாக்கி வைக்கிறார். நான் பாடுவேன். ஒரு நாள் பாதியில் எனக்கு வெட்கம் வந்து, "போதுமாங்க? குரல் கம்முது, கொஞ்சம் வெந்நி குடிச்சிட்டு வரட்டா?" என்று கேட்டேன்.

வாயில் காம்பு இருந்ததால் இவரால் பேச முடியவில்லை. கண்ணைத் திறக்காமல் உள்ளங்கையை மட்டும் உயர்த்தினார்.